பாய்மரப் பந்தயமும் நம்ம வாய்ப்பந்தலும்

"கணபதியில உக்காந்துட்டு கப்பல் பந்தயத்தைப் பத்தி எழுதறீங்களே, உங்களுக்கே இது ஓவராத் தெரியலையா?"ன்னு வீட்டம்மா கேட்டாச்சு.

ஞாயமான கேள்விதானுங்க. கணபதின்னா லேத்துப் பட்டறை, பவுண்டரி, டெக்ஸ்டூல் பஸ் ஸ்டாப். இங்க தண்ணின்னு பேச்செடுத்தா, குழாயில எப்ப வரும்கறதோட பேச்சு முடிஞ்சிரும். அலை அடிக்கற தண்ணியைப் பாக்கணும்னா ரயிலேறி நாலு மணி நேரம் கொச்சிக்குப் போகணும்.

ஆனாலும் நம்ம ஆளுங்க டீக்கடையில உக்காந்தா 'கடல் கடந்து ஆண்ட தமிழன்'னு ஆரம்பிச்சுடறாங்க. 1025-ல ராஜேந்திர சோழன் கடாரத்து மேல படை எடுத்ததை, ஏதோ போன வாரம் நடந்த மாதிரி சொல்வாங்க. நானும் சொல்லியிருக்கேன், இல்லைங்கல. அப்படிப் பேசற நம்மள்ல எத்தனை பேருக்கு, எதிர்காத்துல ஒரு பாய்ப்படகு எப்படி முன்னால போகும்னு தெரியும்? எனக்கு முப்பது வயசு வரைக்கும் தெரியாது. அந்த வெக்கத்துலதான் இதை எழுதறேன்.

கொச்சியில பார்த்தது

2008 டிசம்பர் 13, சனிக்கிழமை. 'வால்வோ ஓஷன் ரேஸ்'ங்கற, உலகத்தையே சுத்தற பாய்ப்படகுப் பந்தயம் முதல் தடவையா இந்தியாவுக்கு வந்திருந்துச்சு. அக்டோபர் மாசம் ஸ்பெயின் நாட்டு அலிகாண்டேயில கிளம்பி, கேப்டவுன் வந்து, அங்கிருந்து கொச்சி. அன்னிக்குக் கொச்சியில இருந்து சிங்கப்பூருக்கு மூணாவது கட்டம் கிளம்புது.

பட்டறையில கூட வேலை பார்த்த மாப்ளே ஒருத்தன் "சும்மா வாடா, கரிமீன் தின்னுட்டு வரலாம்"னு இழுத்துட்டுப் போனான். மும்பைத் தாக்குதல் நடந்து மூணு வாரம்கூட ஆகலை, அதனால எங்க பார்த்தாலும் போலீஸ். கூட்டத்துக்கு நடுவுல எக்கிப் பார்த்தா தூரத்துல பாய் மட்டுந்தான் தெரிஞ்சுது. எட்டுப் படகு. ஒவ்வொண்ணும் எழுபது அடி நீளம், மரம் பத்து மாடி உசரம். உள்ள பதினோரு பேர். அதுல ஒருத்தருக்குப் படம் புடிச்சு அனுப்பறது மட்டுமே வேலை. தின்கறதுக்கு, தண்ணி ஊத்திக் கலக்கற காஞ்ச சோத்துத் தூள். நாலு மணி நேரம் வேலை, நாலு மணி நேரம் தூக்கம்னு மாத்தி மாத்தி ஓட்டணும்.

பவுண்டரிக்காரன் புத்தி எங்க போகும்? எனக்குப் புடிச்சது அடியில இருக்கற சமாச்சாரம். படகுக்குக் கீழ மீன் துடுப்பு மாதிரி ஒண்ணு தொங்கும், அதோட நுனியில டன் கணக்குல எடை வெச்ச ஒரு குண்டு. பாய் ஒரு பக்கம் சாய்க்கப் பார்க்கும், இந்தக் குண்டு படகை நிமிர்த்தப் பார்க்கும். இந்தப் படகுகள்ல அந்தத் துடுப்பையே ஹைட்ராலிக் வெச்சு நாப்பது டிகிரி வரைக்கும் காத்தடிக்கற பக்கமாத் திருப்பலாம். எங்க ஏரியாவுல வார்க்கற சாமான் மாதிரியே இருக்கேன்னு வாயைப் பொளந்துட்டு, திரும்பி வர்ற ரயில்ல மாப்ளே காதைத் தின்னுட்டேன். :-)

அந்தக் கூட்டத்துல 'எரிக்சன் 4'ன்னு ஒரு படகு. பிரேசில்காரர் டோர்பன் கிரேல் அதுக்குத் தலைவர். அந்த வருசம் அக்டோபர்ல, 24 மணி நேரத்துல 596.6 கடல் மைல் ஓடி ஒரு உடல் படகுகள்ல சாதனை பண்ணினது. நம்ம கணக்குல 1,100 கிலோமீட்டருக்குச் சொச்சம் மேல. கோயமுத்தூர்ல இருந்து மெட்ராஸ் போயிட்டு அதே நாள்ல திரும்பி வந்து, அதுக்கு மேலயும் கொஞ்சம் ஓடின மாதிரி. ஒரு சொட்டு டீசலால ஓடாம, காத்துல மட்டும். கடைசியில மொத்தப் பந்தயத்தையும் ஜெயிச்சது அந்தப் படகுதான். ஆனா கொச்சி-சிங்கப்பூர் கட்டத்தை அது ஜெயிக்கலை, 'டெலிபோனிகா ப்ளூ' ஜெயிச்சுது. அந்த ஏன்லதான் விசயம் இருக்குங்க.

காத்து தெரிஞ்சவன் கடல்

தெக்க, அண்டார்டிகாவுக்குப் பக்கத்துக் கடல்ல காத்து நிக்காம அடிக்கும். அங்க தைரியமும் படகோட பலமும் வேணும். தீவுகளுக்கு நடுவுல ஓட்டற வெப்பக் கடல் பந்தயம் வேற மாதிரி. ஒரு தீவைத் தாண்டற வரைக்கும் காத்து பிச்சுக்கும், தாண்டினதும் மறைவுல இலை அசையாது. எங்க காத்து, எங்க மறைவு, எங்க நீரோட்டம்னு முன்கூட்டியே கணக்குப் போடத் தெரிஞ்சவன் பொழைச்சான். கொச்சி-சிங்கப்பூர் வழி கிட்டத்தட்ட 1,950 கடல் மைல். கன்னியாகுமரிக்குத் தெக்க, மன்னார் வளைகுடாவோட வாய்ப்பக்கமா, இலங்கையைச் சுத்தி, வங்கக் கடல் கடந்து, சுமத்ராவோட வடமுனையில இருக்கற வே தீவைத் தொட்டு, மலாக்கா நீரிணையில கப்பல் நெரிசலுக்குள்ள நுழைஞ்சு போகணும்.

இதுல மன்னார் வளைகுடாவை மட்டும் எடுத்துக்கங்க. டிசம்பர்ல வடகெழக்குக் காத்து இந்தப் பக்கம் தமிழ்நாட்டு நிலம், அந்தப் பக்கம் இலங்கை மலை, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சந்துல புகுந்து வேகம் எடுக்கும். கொங்குநாட்டுக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்ல புகுந்து வர்ற காத்து நம்மளை எப்படித் தள்ளுதோ, அதே கதை. அந்தச் சந்துக் காத்தை நம்பித்தான பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் காத்தாடி நட்டு வெச்சிருக்கோம்? அந்தச் சந்தைத் தாண்டி இலங்கை மறைவுக்குப் போனா காத்து படுத்துக்கும். எந்த இடத்துல கரையை ஒட்டணும், எந்த இடத்துல விலகணும்கறதுலதான் பந்தயம்.

இது நம்ம வாசல் கடல். இந்தக் காத்துக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம்னு பேரு வெச்சதே நம்மாளுங்கதான். பேரு நம்மளது, அந்தக் காத்துல நடந்த பந்தயத்தை ஓட்டினவங்க பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கத்து ஆளுங்க. நாம கரையில நின்னு கரிமீன் தின்னோம்.

"அது பணக்காரன் வெளையாட்டு சார்"

இதைச் சொல்லாத ஆளே இல்லை. பாதி உண்மைதான். அந்தப் படகுகளுக்குக் கோடிக்கணக்குல செலவாகும். ஆனா பணம் மட்டும் போதும்னா 2014-ல நடந்தது நடந்திருக்கக் கூடாது.

அதே பந்தயம், கேப்டவுன்ல இருந்து அபுதாபி போற கட்டம். நவம்பர் 29 ராத்திரி 'டீம் வெஸ்டாஸ் விண்ட்'ங்கற படகு பத்தொம்பது நாட் வேகத்துல, அதாவது மணிக்கு 35 கிலோமீட்டர்ல, மொரிசியஸுக்கு வடகெழக்க இருக்கற கர்காடோஸ் கராஜோஸ் பவளப் பாறை மேல நேராப் போய் ஏறிருச்சு. சாட்டிலைட்டு, கம்ப்யூட்டர் வரைபடம், உலகத்துலயே தேர்ந்த மாலுமிங்க, எல்லாம் படகுல இருந்துச்சு. என்ன ஆச்சுன்னா, கம்ப்யூட்டர் படத்தைப் போதுமான அளவு பெருசாக்கிப் பாக்கலை. சின்ன அளவுல பார்த்தா அந்தத் திட்டோட ஆபத்து சரியாத் தெரியாது. எத்தனையோ கிலோமீட்டர் நீளமான பாறைத் திட்டு, திரையில இல்லாததால இவங்களுக்கும் இல்லாமப் போச்சு. புண்ணியத்துக்கு ஒம்பது பேரும் உசுரோட தப்பிச்சாங்க. பின்னால வந்த 'அல்விமெடிகா' படகு பந்தயத்தை விட்டுட்டு அவங்களுக்குத் துணையா ராத்திரி முழுக்க அங்கயே சுத்திட்டு இருந்துச்சு. கடல்ல அதுதான் மொறை.

அந்தத் தீவுகள்ல மீன் புடிக்கறவங்க இருக்காங்க. அவங்கள்ல யாரையாச்சும் படகுல ஏத்தியிருந்தா, அலை உடையற சத்தத்தை வெச்சே "அய்யா, திருப்புங்க"ன்னு கத்தியிருப்பாங்கன்னு எனக்குத் தோணும்.

இதுக்கு நேர் எதிரா ஒரு பந்தயம் இருக்கு, 'கோல்டன் குளோப்'. தனி ஆளா, எங்கயும் நிக்காம உலகத்தைச் சுத்தணும். ஜிபிஎஸ் கூடாது, செக்ஸ்டன்ட்டும் காகித வரைபடமுந்தான். கேரளத்துக்காரர், நம்ம கடற்படையில இருந்த அபிலாஷ் டோமி 2018-ல அதுல கலந்துக்கிட்டாரு. தென்னிந்தியப் பெருங்கடல் புயல்ல மரம் ஒடிஞ்சு, முதுகெலும்பு அடிபட்டு, அசைய முடியாம மூணு நாள் கெடந்து, பிரெஞ்சு மீன்வளக் கப்பல் ஒண்ணு வந்து காப்பாத்துச்சு. முதுகுல உலோகக் கம்பி வெச்சுக்கிட்டு 2022-ல மறுபடி போனாரு. 2023 ஏப்ரல்ல, 236 நாள் கழிச்சு ரெண்டாவதா வந்து சேர்ந்தாரு. முதல்ல வந்தது கிர்ஸ்டன் நொய்ஷாபர்ங்கற தென்னாப்பிரிக்கப் பொண்ணு. அந்தப் பந்தயத்துல ஓட்டறவங்க தலைக்குள்ள இருக்கற அறிவுதான் பாதிப் படகு.

வல்வெட்டித்துறை போட்ட போடு

அந்த அறிவு நம்மகிட்ட இருந்துச்சாங்கறதுக்கு சோழர் காலம் வரைக்கும் போக வேண்டாம். 1938 போதும்.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன்னு ஒரு அமெரிக்கர். 1928-ல பெர்முடாத் தீவுக்கு ஓட்டற பந்தயத்துல, 'ஸ்வாப்'ங்கற தன்னோட சின்னப் படகுல கலந்துக்கிட்டாரு. பந்தயம் முடிஞ்சும் வீட்டுக்குத் திரும்பாம, அப்படியே பசிபிக் தீவுகள் வழியா உலகத்தையே சுத்தி 1931-ல ஊர் போய்ச் சேர்ந்தாரு. பாய்ப்படகு பத்தி அந்தக் காலத்துல அவரை விடத் தெரிஞ்ச ஆளுங்க கொஞ்சம்தான். அப்பேர்ப்பட்டவரு பின்னால இலங்கை வந்தப்ப ஒரு கப்பலைப் பார்த்து மயங்கி வெலைக்கு வாங்கினாரு. பேரு 'அன்னபூரணி'. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில நம்ம மேஸ்திரிங்க கட்டின ரெண்டு மரத்துப் பாய்க்கப்பல், 89 அடி நீளம்.

அதை அமெரிக்காவுக்கு ஓட்டிட்டுப் போன மாலுமிங்கள்ல அஞ்சு பேரு வல்வெட்டித்துறைப் பக்கத்துத் தமிழர்கள். 1937-ல இலங்கையை விட்டுக் கிளம்பி, ஏடன், சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர் தாண்டி, அட்லாண்டிக்கைக் கடந்து, அதே பெர்முடா வழியா, 1938 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாகாணத்து குளோஸ்டர் துறைமுகத்துல போய் நின்னாங்க. பந்தயம் ஓட்டறவன் கண்ணுக்கு நம்ம கப்பல் நல்ல கப்பலாத் தெரிஞ்சிருக்கு, நம்ம ஆளு நல்ல மாலுமியாத் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் இன்னிக்கும் கடாரம் தவிர ஒண்ணும் தெரியலை.

இன்னொண்ணு கேளுங்க. கட்டுமரம்கற நம்ம வார்த்தையை வெச்சுத்தான் 'கேட்டமரன்'னு ரெட்டை உடல் படகுக்கு வெள்ளைக்காரன் பேரு வெச்சான். 2017-ல பெர்முடாவுல நடந்த அமெரிக்கா கோப்பைப் பந்தயமே கேட்டமரன்லதான். வார்த்தை மட்டும் பந்தயத்துக்குப் போயிருச்சு, வார்த்தைக்குச் சொந்தக்காரன் கரையில நிக்கறான்.

ஆளே இல்லையான்னா, இருக்காங்க. மெட்ராஸ்ல ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல இருந்து இருக்கு. சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் பாய்ப்படகுல ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோ, பாரிஸ்னு ரெண்டுக்கும் போயிட்டு வந்தாச்சு. விஷ்ணு சரவணன் 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில வெண்கலம். கே.சி.கணபதி (எங்க ஊர்ப் பேரு வெச்சவரு, அதுக்கே தனி விசில்!) வருண் தக்கரோட சேர்ந்து 2018 ஆசியப் போட்டியில வெண்கலம். ஆனா இதெல்லாம் கரைக்குப் பக்கத்துல, ஒண்ணு ரெண்டு பேர் ஓட்டற சின்னப் படகுல நடக்கறது. நடுக்கடலுக்குப் போனவங்கன்னா, பாண்டிச்சேரிப் பொண்ணு லெப்டினன்ட் கமாண்டர் ரூபா. கோழிக்கோட்டு தில்னாவோட ரெண்டே பேரா கடற்படையோட 'தாரிணி' படகுல, 2024 அக்டோபர் 2-ல கோவாவுல கிளம்பி, கேப் ஹார்ன் முனையைச் சுத்தி, 2025 மே 29-ல திரும்பினாங்க. அது பந்தயம் இல்லை, பயணம். இருந்தாலும் எந்தப் பந்தயத்துக்கும் கொறைஞ்சதில்லை.

கடற்படை இவங்களுக்குப் படகு குடுத்துச்சு. சந்தோசம். கடலோரத்துல பொறந்த மத்தவங்களுக்கு யாரு குடுப்பா?

தொண்டிப் பக்கத்துப் பெரியவர்

சில வருசத்துக்கு முன்னால, பம்ப் செட்டு வேலையா ராமநாதபுரம் மாவட்டம் தொண்டிப் பக்கம் போயிருந்தேன். அந்தக் கரையில தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணைன்னு ஊர் ஊரா, கோயில் விசேசம், பொங்கல்னா பாய்மரப் படகுப் போட்டி வெப்பாங்க. நான் போன சமயம் போட்டி இல்லை. ஆனா ஒரு பெரியவர் வலை பின்னிட்டு உக்காந்திருந்தாரு. பேச்சுக் குடுத்தேன்.

பாக் நீரிணைப் படகுல குறுக்க ஒரு பலகையை நீட்டி வெச்சு, காத்து அழுத்தறப்ப ஆளுங்க அது மேல ஏறி உக்காந்து படகைச் சாயாமப் புடிப்பாங்களாம். காத்துக்குத் தக்கபடி உள்ள நகர்றது, வெளிய நகர்றது. எனக்குக் கொச்சிப் படகோட குண்டு ஞாபகம் வந்துருச்சு. அவன் ஹைட்ராலிக் வெச்சுச் செய்யறதை இவங்க உடம்பை வெச்சுச் செய்யறாங்க. எதிர்காத்துல எப்படிப் போவீங்கன்னு கேட்டேன். வலை ஊசியாலேயே மணல்ல கோணல் கோணலாக் கோடு போட்டுக் காட்டினாரு. காத்துக்கு நேரா முகம் குடுக்காம, ஒரு வாட்டி இந்தப் பக்கம் சாய்ச்சு, ஒரு வாட்டி அந்தப் பக்கம் சாய்ச்சு, படி ஏறற மாதிரி ஏறிப் போகணும். ரெண்டே நிமிசத்துல புரிஞ்சுது.

"இப்பவும் பாய்லதான் தொழிலுக்குப் போறீங்களா அய்யா?"

சிரிச்சாரு. "மோட்டாரு வந்ததுக்கப்பறம் எவன் தம்பி பாய் விரிப்பான்? சுருட்டி மேல போட்டாச்சு. போட்டின்னா மட்டுந்தான் எறக்குறது. அந்தப் போட்டியும் இல்லைன்னா எம்மவனுக்குப் பாய் கட்டவே தெரிஞ்சிருக்காது."

நான் இந்தப் பதிவுல சொல்ல வர்றது மொத்தமும் அந்தக் கடைசி வாக்கியந்தாங்க.

எங்க அப்பா பவுண்டரிக்கு மரத்துல பேட்டர்ன் செய்யறவரு. இரும்பு ஆறினா எவ்வளவு சுருங்கும்னு ஒவ்வொரு சாமானுக்கும் அவருக்குக் கையில ஒரு கணக்கு இருந்துச்சு. உளி புடிச்சா தப்பாது. அப்பறம் கம்ப்யூட்டர் மெஷினு வந்துச்சு. அவரோட வேலை ஒண்ணொண்ணா நின்னுச்சு. உளிப் பெட்டி பரண்ல ஏறிருச்சு. "கத்துக்குடுங்கப்பா"ன்னு நான் ஒரு நாள்கூடக் கேக்கலை, எதுக்குன்னு நெனச்சேன். அவரு போயி ஆறு வருசம் ஆச்சு. பெட்டி இருக்கு. கணக்கு அவரோட போயிருச்சு. தேவை இல்லாமப் போன கைவேலையை, யாராச்சும் விசேசத்துக்காவது எறக்கச் சொன்னாத்தான் அது அடுத்த ஆளுக்குப் போகும். எங்களுக்கு அந்த விசேசம் இல்லை. தொண்டிக்காரங்களுக்கு இருக்கு.

மத்தவன் என்ன பண்றான்

கரீபியன்ல மார்த்தினீக்னு ஒரு தீவு. அங்க மீனவங்க ஓட்டின 'யோல்'ங்கற மரப் படகுக்கும் இதே கதிதான், மோட்டார் வந்து தின்னுருச்சு. அவங்க என்ன பண்ணினாங்க? 1985-ல தீவையே சுத்தி வர்ற பந்தயம் ஆரம்பிச்சாங்க. வருசா வருசம் ஒரு வாரம் தீவே திருவிழாவா ஆகும். படகைச் சாயாமப் பிடிக்க நீளக் கம்புகளை வெளிய நீட்டி அது மேல ஆளுங்க தொத்திக்கிட்டு நிப்பாங்க. படத்தைப் பார்த்தப்ப தொண்டிப் பெரியவர் சொன்ன பலகைதான் கண்ணுல நின்னுச்சு. 2020-ல யுனெஸ்கோ, மரபைக் காப்பாத்தறதுக்கு நல்ல உதாரணம்னு அதைப் பதிவு பண்ணிருச்சு. (பத்தொம்பதாம் நூற்றாண்டுல பாண்டிச்சேரி, காரைக்கால் வழியா கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாப் போன தமிழர்களோட வம்சமும் அந்தத் தீவுல இருக்குங்கறது கூடுதல் சேதி.)

பணக்கார ஊர் உதாரணம் வேணுமா? துபாய். 1991-ல இருந்து சர் பூ நயீர் தீவுல ஆரம்பிச்சு துபாய் கரைக்கு 'அல் கஃபால்'னு ஒரு பந்தயம். அறுபது அடி மரக்கலம், பாய் மட்டும். முத்துக் குளிக்கப் போனவங்க சீசன் முடிஞ்சு வீடு திரும்பின வழியை ஞாபகம் வெக்கறதுக்காக. முத்துக்குளியல் நம்ம தூத்துக்குடியிலயும் இருந்துச்சு, மரக்கலமும் இருந்துச்சு. பந்தயந்தான் இல்லை.

அதனால நான் சொல்றது

தூத்துக்குடியில இருந்து மாலத்தீவுத் தலைநகர் மாலேக்கு ஒரு கடல் பந்தயம் வெய்யுங்க.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லலை. சுமார் 400 கடல் மைல். பெர்முடாப் பந்தயம் 635, சிட்னி-ஹோபார்ட் 628. ஆக, புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு இது தாங்கற தூரந்தான். தை, மாசியில வடகெழக்குக் காத்து முதுகுப் பக்கமா இருக்கும், போற தெசையோ தென்மேற்கு. மன்னார் வளைகுடாச் சந்துக் காத்து கெளப்பி விடும், கொமரிக்குத் தெக்க நடுக்கடல், கடைசியில பவளத் தீவுகளுக்கு நடுவுல கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு ஓட்டணும். நம்ம தூத்துக்குடித் தோணிங்க பாய் கட்டிச் சரக்கு ஏத்திட்டுப் போன பழைய பாதை இது. மாலேக்கும் பந்தயப் படகு புதுசில்லை. 2011-12 பந்தயத்துல சோமாலியாக் கொள்ளைக்காரங்க பயத்துல, படகை எல்லாம் அங்க வெச்சுத்தான் கப்பல்ல ஏத்திட்டுப் போனாங்க.

ரெண்டு பிரிவு வேணும். ஒண்ணு, காசு இருக்கறவங்களோட யாட்டுகளுக்கு. அவங்க வந்தாத்தான் விளம்பரம் வரும், பணம் வரும். ஆனா ஒரு விதி: ஒவ்வொரு யாட்டுலயும் நம்ம கடலோர ஊர்ல இருந்து ரெண்டு பேரைச் சம்பளத்தோட ஏத்திக்கணும். இன்னொண்ணு, பாய் கட்டின தோணிக்கும் வள்ளத்துக்கும். வள்ளத்தை நடுக்கடலுக்கு அனுப்பச் சொல்லலை, அது பைத்தியக்காரத்தனம். அதுக்குக் கரையை ஒட்டி ஒரு நாள் பந்தயம். தோணி மட்டும் முழுத் தூரம். பாய் தைக்கறவர், கயிறு திரிக்கறவர், மரம் நடறவர்னு கூடவே பத்து கைவேலை எந்திரிக்கும்.

இதுக்கு எதிரா ஒருத்தர் கேட்டாரு: "மீனவனைக் கடல்ல புடிச்சுட்டுப் போறான், படகைப் பறிக்கறான், டீசல் வெலை ஏறிக் கெடக்கு. இதுல உனக்குப் பந்தயம் கேக்குதா?"

கோவத்துல ஞாயம் இருக்கு. அந்தப் பிரச்சினைக்கு இது மருந்து இல்லை, அப்படின்னு நான் சொன்னா பொய். ஆனா அவங்க வாழ்க்கையில எல்லாம் தீர்ந்தப்பறந்தான் இதைத் தொடணும்னா, அதுக்குள்ள அந்தப் பெரியவர் இருக்க மாட்டாரு. கட்டுமரத்துக்கு அதுதான் நடந்துச்சு. 2004 சுனாமிக்கப்பறம் நிவாரணத்துல ஃபைபர் படகு கரையெல்லாம் நெறைஞ்சுது. தப்பில்லை, உசுரு முக்கியம். ஆனா அதோட நெறைய ஊர்ல கட்டுமரம் கட்டத் தெரிஞ்ச கை சும்மா ஆயிருச்சு. யாரும் அதை ஒரு நஷ்டமாக் கணக்கு எழுதலை.

அப்பறம், பயம். பாறையில ஏறின படகு, முதுகு ஒடிஞ்ச மாலுமின்னு நானே எழுதிட்டேன். நடுக்கடல் பந்தயத்துல ஆபத்து உண்டு. அதனாலதான் தகுதிப் பரீட்சை, உசுர்க்காப்பு மிதவை, சேட்டிலைட் பீக்கன், கூடவே காவல் கப்பல், எல்லாம் கண்டிசனா இருக்கணும். தினம் தினம் இதை விடக் கம்மியான பாதுகாப்போட கடலுக்குப் போறவங்க நம்ம மீனவங்க. பந்தயத்துக்காக அந்தச் சாமானெல்லாம் அவங்க படகுல ஏறினா, பந்தயம் முடிஞ்சும் அது படகுலதான இருக்கும்?

ஒரே ஒரு வருசம் நடத்திப் பாருங்க. ஜெயிக்கறது யாட்டா தோணியாங்கறது எனக்கு முக்கியமில்லை (தோணிதான்னு மனசுக்குள்ள ஒரு பந்தயம் கட்டி வெச்சிருக்கேன், அது வேற). அந்தப் பெரியவர் மகன் பாய் கட்டறதை, அவரு பேரன் பக்கத்துல நின்னு பாக்கணும். அவ்வளவுதான்.

அது நடக்கற வரைக்கும் கடாரம் கொண்ட கதையைக் கொஞ்சம் நிறுத்தி வெப்போம். பேசியே கரை சேர்ந்தவன் எவனும் இல்லைங்க.

கொசுறு: கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணுமில்ல? வீட்டம்மாவை உக்கார வெச்சு, எதிர்காத்துல படகு எப்படிப் போகும்னு டைனிங் டேபிள் மேல கடுகை வெச்சுக் கோணல் கோணலாக் கோடு போட்டு விளக்கினேன். முழுசாக் கேட்டுட்டு, "இப்படிச் சுத்திச் சுத்திப் போறதைத்தான நீங்க கடைக்குப் போறப்ப பண்றீங்க"ன்னாங்க. :-)